வலிக்காத காலில் ஆறு ஆணி

சிமெண்ட் தரையில் ரத்தம் கிடந்தது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று இல்லை. அரைப் பாதம் அளவுக்குத் தடம். அடிஷனல் பேப்பர் வைத்திருந்த மேஜையிலிருந்து வரிசை வரிசையாக வந்திருந்தது.

சித்தூரில் ஒரு ஹைஸ்கூல் ஹால். ஏப்ரல் மாத வெயில். தமிழ் வாத்தியார்கள் நாற்பது பேர் உட்கார்ந்து தெலுங்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தோம்.

"எவரிதி ரத்தம்? யாரோடது?" என்று சூப்பர்வைசர் அம்மா கேட்டாள்.

எல்லோரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள். நான் பக்கத்துப் பெஞ்சுக்காரரின் காலைப் பார்த்தேன். பாவம், யாருக்கோ நல்ல காயம் என்று நினைத்தேன். பிறகு அந்தத் தடம் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தேன். என் பெஞ்சுக்குக் கீழே முடிந்தது.

பின்னால் இருந்த கிழ வாத்தியார், "ஏம்மா, இவ்ளோ ரத்தம் போய்க்கினு கீது, வலிக்கலியா?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் நாலு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு வலித்தால் பயம். எனக்கு வலிக்காததுதான் பயம்.

பக்தை என்ற பட்டம்

இந்தப் பத்திரிகையில் இத்தனை வாரம் எழுதியும் இதை எழுதவில்லை. மழுப்பிக்கொண்டே வந்தேன். எனக்குக் குஷ்டம் இருந்தது. தொழுநோய் என்று மரியாதையாக இப்போது எழுதுகிறார்கள். எங்கள் பாலசமுத்திரம் பக்கம் பெரிய வியாதி என்பார்கள். எந்தப் பேர் வைத்தாலும் சனம் ஒரே மாதிரிதான் எழுந்து நகர்ந்து உட்காரும்.

எனக்கு அது தெரியவந்தது திருப்பதி மலையில். கல்யாணமான மூன்றாம் வருஷம் மாமியார் வேண்டுதல் என்று நடந்து ஏறினோம். அடிவாரத்தில், அலிப்பிரியில், செருப்பை விட்டோம். கிளம்பவே தாமதமாகிவிட்டது. உச்சி வெயில் எங்களைப் பாதி மலையில் பிடித்தது. கல் படி அடுப்புச் சட்டி போல் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு படிக்கு ஒரு குதி குதித்தார். மாமியார் மரநிழலுக்கு ஓடினார். நான் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தேன்.

எதிரே இறங்கி வந்த கும்பலில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பாருங்க, எவ்ளோ பக்தி அந்த அம்மாவுக்கு" என்றார். எனக்கும் கொஞ்சம் கர்வம் வந்தது. அதை மறைப்பானேன்.

மேலே போய்க் காலைக் கழுவும்போது இடது பாதத்தில் தோல் உரிந்து கையோடு வந்தது. வலியே இல்லை. தண்ணீர் குளிர்ந்ததுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று துண்டைப் போட்டு மூடினார். அன்றைக்கு மூட ஆரம்பித்தோம்.

கட்டைவிரல் சோதனை

வேலூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். நோய் அடங்கிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நரம்பு செத்தது செத்ததுதான். இடது கால் முழங்காலுக்குக் கீழே அடுத்தவர் கால் மாதிரி. வலது காலிலும் பாதத்துக்குப் பாதி உணர்ச்சிதான்.

"வியாதி உன்னை ஒண்ணும் பண்ணாது. முள்ளும் கல்லும்தான் பண்ணும். தினமும் காலைத் திருப்பிப் பார்" என்று டாக்டர் சொன்னார். பார்த்தேன். சாயங்காலம் ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்ப்பேன். முகத்தைப் பார்த்த நாளைவிடப் பாதத்தைப் பார்த்த நாள்தான் அதிகம்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே செருப்பும் செய்தார்கள். உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்ற கறுப்பு ரப்பர். அடியில் மோட்டார் டயர் துண்டு. பாதத்தின் பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவுவதற்காக அந்த மெத்தை. போட்டால் தரையே தெரியாது என்றார்கள். எனக்கு எதைப் போட்டாலும் தரை தெரியாது.

அந்தச் செருப்பை யார் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். அந்த ஆரம்ப காலத்து ரப்பர் உழைக்கவில்லை. ஆறு மாசத்துக்கு ஒரு ஜோடி கொடுப்பார்கள். மூன்று மாசத்தில் அது செத்துவிடும். சாவு எப்படித் தெரியுமென்றால், கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அமுங்கி எழும்பினால் உயிர் இருக்கிறது. அமுங்கினது அமுங்கினபடியே குழியாக நின்றால் தீர்ந்தது. பார்க்க ஒரு குறையும் இருக்காது. மேலே வார் புதுசு மாதிரி இருக்கும். அடி செத்திருக்கும்.

அதோடு டயர் துண்டு வேறு கழன்றுகொள்ளும். பசை போட்டு ஒட்டினதுதானே. சித்தூர் ரோட்டுத் தார் வெயிலில் இளகும்போது பசையும் இளகும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் சப்பக், சப்பக் என்று வாய் பிளக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"ஆணி மட்டும் அடிக்கக் கூடாது" என்று செருப்பு கொடுக்கும்போதெல்லாம் சொல்வார்கள். என்னிடம் சொன்னார்கள். நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கோடு

அப்போதுதான் எல்லை பிரிக்கிற கலவரம். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று டீக்கடையில் தினமும் பிரித்தார்கள். ஆந்திரா தனியாகப் போய்ச் சில வருஷம் ஆகியும் எங்கள் பக்கத்துச் சண்டை முடியவில்லை. கடைசியில் சில ஊர் மெட்ராஸ் பக்கம் போனது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. பெரிய மனுஷர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

நான் ஜில்லா போர்டு ஸ்கூலில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இனிமேல் தெலுங்குப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் வேலை நிலைக்கும் என்றார்கள். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு.

எங்கள் ஊர் டீக்கடையில் ஒருத்தன் கிளப்பிவிட்டான். "இனிமே ஆந்திராக்காரனுக்கு வேலூர்ல வைத்தியம் கெடையாதாம். ஆஸ்பத்திரி கார்டைப் புடிங்கிக்கினு தொரத்தறானுங்களாம்." அவனுக்கு என் விஷயம் தெரியாது. ஏதோ வயிற்றுவலி ஆஸ்பத்திரியை நினைத்துச் சொன்னான். என் வீட்டுக்காரர் வந்து என்னிடம் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

செருப்பு செத்து ஒரு மாசம் ஆகியிருந்தது. போய்க் கேட்டால் கொடுப்பார்களோ என்னவோ. ஆனால் போனால் எந்த ஊர் என்று கேட்பார்கள். கார்டைப் பிடுங்குவார்கள். போகாமல் இருந்தால் கார்டாவது கையில் இருக்கும். இப்படி ஒரு முட்டாள் கணக்குப் போட்டேன். படித்தவள் நான். கார்டை டிரங்குப் பெட்டியில் பூட்டிவைத்தேன், செத்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ஆறு ஆணி

என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். டயர் துண்டு கழன்றபோதெல்லாம் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் போட்டு ஒட்டிக்கொடுப்பார். நாலு நாள் தாங்கும். மறுபடி பிளக்கும்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் இடது செருப்பு பாதி வரைக்கும் வாயைப் பிளந்துவிட்டது.

"டீச்சரே, இத்தப் போட்டுக்கினா சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போவ முடியும்? வழியிலயே உயுந்துடும்" என்றார்.

"வேற இன்னா கீது வீட்ல? உன் செருப்பு போட்டுக்கினு போவட்டா?"

"போட்டுக்கினு போயேன். பரீட்சை பேப்பரை என் செருப்பு எய்தட்டும், பாஸாயிடும்" என்று சிரித்துக்கொண்டே செருப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பினார். டயர் கெட்டியாக நின்றது. சைக்கிள் சீட்டுக்கு அடிக்கிற சின்ன ஆணி போட்டுச் சுற்றி அடித்திருந்தார். நான் சமையலில் இருந்தேன். அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவர் கவனமான ஆள்தான். உள்ளே கைவிட்டு நன்றாகத் தடவிப் பார்த்திருக்கிறார். ஒரு முனைகூட கையில் தட்டவில்லை. அதனால் திருப்தியாகக் கொடுத்தார்.

கையில் எப்படித் தட்டும்? கையின் அழுத்தத்துக்கு அந்த ரப்பர் அவ்வளவு அமுங்காது. ஆள் ஏறி நின்றால்தான் முழுசாகத் தாழும். அப்போது ஆணி மேலே வரும். காலை எடுத்தால், செத்த ரப்பரானாலும், ஆணியை மறைக்கிற அளவுக்குக் கொஞ்சம் எழும்பிவிடும். நான் நடந்தால் குத்தும், கழற்றினால் ஒளிந்துகொள்ளும். நல்ல கால் உள்ளவர்கள் முதல் அடியிலேயே அலறிக் கழற்றி எறிந்திருப்பார்கள். நான் பாலசமுத்திரத்தில் பஸ் ஏறி, சித்தூரில் இறங்கி, மார்க்கெட் வழியாக வெல்ல மண்டிகளைத் தாண்டி ஹைஸ்கூல் வரைக்கும் நடந்தேன். போகிற வழியெல்லாம் தெலுங்கு வேற்றுமை உருபுகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

எந்தக் கால்?

மற்றவர்கள் செருப்பெல்லாம் தாழ்வாரத்தில் கிடந்தது. நான் மட்டும் போட்டுக்கொண்டே உள்ளே போனேன். வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி உத்தரவு.

சூப்பர்வைசர் அம்மா பேர் ரத்னம்மா. வெதுருகுப்பத்தில் தெலுங்கு டீச்சர். வாசலிலேயே தடுத்தாள்.

"செப்புலு பைட்ட விடுங்கம்மா. வெளிய."

"கால்ல சேத்துப்புண்ணு" என்றேன்.

"ஏப்ரல்லயா?" என்றாள். என் காலை ஒரு தடவை பார்த்தாள். வழிவிட்டாள்.

இப்போது அவள்தான் ரத்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு என் பெஞ்சுப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். கிழ வாத்தியார் மறுபடியும், "வலிக்கலியாம்மா?" என்றார். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். வலிக்காது என்றால் அடுத்த கேள்வி ஒன்றுதான். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. வீட்டில் தண்ணீர்ப் பானையைத் தொடவும் விடமாட்டார்கள்.

நான் "ஐயோ அம்மா" என்று அலறினேன். காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணீர்கூட வந்தது. பயத்தில் வந்த கண்ணீர், வலிக்கு உதவியது.

ரத்னம்மா பக்கத்தில் குனிந்தாள். என் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "ரத்தம் எடம காலுல வருதும்மா. நீங்க அந்தக் காலப் புடிச்சிக்கினு கீறீங்க" என்றாள்.

நான் வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வரும் தடத்தைப் பார்த்ததில் இடது வலது மாறிப்போயிருந்தது. எந்தக் காலில் ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. சொந்தக் காலில்.

இவள் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எழுந்து நின்றாள். ஹாலைப் பார்த்து, "மேக்கு குச்சுக்குந்தி. ஆணி. மீரு ராயண்டி, டைம் போத்துந்தி" என்று அதட்டினாள். ஆணி குத்திவிட்டது, நீங்கள் எழுதுங்கள், நேரம் போகிறது என்று. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தரையில் உட்கார்ந்து என் இடது செருப்பைக் கழற்றினாள். குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கினாள். ஒவ்வொரு விரல் இடுக்கையும் விரித்து விரித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்ப்பது அப்படித்தான். சாதாரண ஆள் யாருக்கும் அப்படிப் பார்க்கத் தெரியாது. தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினாள். எனக்கு நன்றி வரவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும் என்ற பயம்தான் வந்தது.

மீதிப் பரீட்சையைக் காலைத் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டு எழுதினேன்.

மடித்த காகிதம்

மணி அடித்தது. எல்லோரும் போகும்வரை இருந்தேன். ரத்னம்மா பேப்பர்களைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"அம்மா, அந்த செப்புலு எக்கட, எங்க வாங்கினீங்க?"

"எதுக்கு?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். பென்சிலால் ஒரு பாதம் வரைந்திருந்தது. தரையில் காலை வைத்துச் சுற்றிக் கோடு இழுத்த படம். பெண்பிள்ளைக் கால். பெருவிரலும் பக்கத்து விரலும் இருக்கிற இடத்தில் கோடு உள்ளே மடங்கிப் போயிருந்தது.

"மா அக்கா. வெளிய வராது. பின்கட்டுலயே கீது. இந்த மாதிரி மெத்துன்னு செப்புலு எங்கயோ செய்றாங்கன்னு ஒரு ஆள் சொன்னான். எங்கன்னு தெர்ல. மூணு மாசமா இதைப் பையில வெச்சிக்கினு சுத்தறேன். உங்க கால்ல பாத்தேன்."

என் விடைத்தாள் அவள் கக்கத்தில் இருந்தது. இடம் பேரைச் சொன்னால் நான் யார் என்று நானே சொன்னதாகிவிடும். அவள் ஏற்கெனவே தெரிந்துகொண்டவள்தான். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாய் வரவில்லை. இது பொறி என்று ஒரு நினைப்பு. நாளைக்கு இவளுக்கு யார்மேலாவது கோபம் வந்தால்? யாரிடமாவது உளறினால்?

"மெட்ராஸ்ல வாங்கனது. கடைத்தெருவுல" என்றேன்.

"எந்தக் கடை?"

"மறந்துட்டேன்."

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "சரே. கால் ஜாக்கிரத்த அம்மா. தினம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரப்பர்க்காரர் சொன்னது

வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தபோது என் வீட்டுக்காரர் பார்த்தார். செருப்பைத் திருப்பிப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் கார்டை மடியில் கட்டிக்கொண்டு வேலூர்ப் பக்கம் போனோம்.

யாரும் எந்த ஸ்டேட் என்று கேட்கவில்லை. கார்டைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு வரைக்கும் குத்தியிருந்தது. விரலை எடுத்தார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு. யாருக்கும் தெரியவில்லை.

செருப்பு செய்கிறவர் தாமும் அந்த நோய் வந்தவர். விரல்கள் பாதிப் பாதி. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குறடைப் பிடித்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஆறு. மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"யாருய்யா அடிச்சது?"

"நான்தான்."

"நல்லாத்தான் அடிச்சிருக்கே. கட்டிலுக்கு அடிச்சிருந்தா காலத்துக்கும் நிக்கும்."

நான் சமாளிப்பதற்காக, "ரப்பர் மூணு மாசத்துல செத்துடுதுங்க. எல்லை பிரிச்சிட்டாங்க, இனிமே குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு வரல" என்றேன்.

"ரப்பர் சாவறது எங்களுக்குத் தெரியாதா? அதுக்குத்தான் வேற கலவை போட்டுப் பாத்துக்கினு கீறோம். செத்துட்டா வந்து மாத்திக்கணும். கால் எந்த கவர்மெண்டும்மா? வர்றவங்களுக்குக் குடுக்கறோம். வர முடியாதவங்களுக்குக் காகிதத்துல கால வரைஞ்சி அனுப்பினாலும் செஞ்சி குடுக்கறோம்."

சுவரில் ஒரு கம்பியில் அப்படி வந்த காகிதங்கள் குத்தித் தொங்கின. பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் பென்சில் பாதங்கள்.

கடைசியாக

கட்டோடு வீட்டில் படுத்திருந்தபோது வீட்டுக்காரரிடம் ரத்னம்மா விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "வெதுருகுப்பம்தானே? காலைல கெளம்பினா சைக்கிள்லயே மத்தியானத்துக்குப் போய்டுவேன். ஆஸ்பத்திரி பேரைச் சொல்லிட்டு வந்துடறேன்."

"போவக் கூடாது."

"ஏன்?"

"நீ யாருன்னு கேப்பா. எப்படித் தெரியும்னு அக்கம்பக்கத்துல கேப்பான். ஒரு வாயிலேர்ந்து இன்னொரு வாய்க்குப் போனா என் வேலை போச்சு."

"அந்தம்மா உன்ன காட்டிக் குடுக்கலியே. நாப்பது பேர் முன்னால மூடி மறைச்சாளே. அவ அக்காவுக்கும் நாளைக்கி இப்படித்தானே வெரல் போவும்?"

நியாயம்தான். அதனால் கோபம் வந்தது. எனக்கு நியாயத்தைக் கேட்டால் கோபம்தான் வரும், இன்றைக்கும்.

மறுநாள் காலையில் அவர் சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. கட்டிலில் படுத்தபடியே கூப்பிட்டேன். வாசற்படியில் வந்து நின்றார். தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"நீ அடிச்ச ஆணிக்கு ஒரு வெரல் போச்சு. இப்ப சோத்துக்கும் ஆணி அடிக்கப் போறியா?" என்றேன்.

ஆணி அடிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவரிடம் சொல்லாதவள் நான். அது அவருக்குத் தெரியாது. அன்றைக்கும் சொல்லவில்லை.

அவர் தலைத்துண்டை அவிழ்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள்ளே சுவரில் சாய்த்து வைத்தார்.